ஆம்பளை மாசமா இருக்குற கதைங்க: எம்ப்ரெக் பத்தி புதுசா கேள்விப்படுறவங்களுக்கு

அக்காவுக்கு ஏழாம் மாசம் முடியுற நேரம், கை காலெல்லாம் நீர் கோத்து வீங்கிப்போச்சு, கல்யாண மோதிரம் விரல் சதைக்குள்ள பதிஞ்சு கழட்டவே வரல. அம்மா முதல்ல சோப்பு தடவிப் பாத்தாங்க, அப்புறம் தேங்காயெண்ணெய், ரெண்டும் வேலைக்கு ஆகல, கடைசில தையல் நூலை மோதிரத்துக்கு அடியில நுழைச்சு விரல் முழுக்க இறுக்கமா சுத்தி, உள்பக்க நுனியைப் பிடிச்சு கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சிக்கிட்டே மோதிரத்தை நகத்துப் பக்கமா நகத்தினாங்க, அக்கா பல்லைக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா. கழட்டின மோதிரத்தை தாலிக்கொடியிலயே கோத்துப் போட்டுக்கிட்டா. அதே வாரம் ராத்திரி ஃபோன்ல ஒரு ஃபேன்ஃபிக், அதாவது ரசிகர் எழுதுன கதை, படிச்சிட்டு இருந்தேன், அதுல மாசமா இருக்குறவன் ஒரு ஆம்பளை, வாள் பிடிச்சு சண்டை போடுற ஆளு, அவனும் விரல் வீங்கிப்போய் மோதிரத்தைக் கழட்டி கழுத்துல ஒரு கயித்துல கட்டிக்கிறான். அவன் வயித்துல கர்ப்பப்பை எங்கேருந்து வந்துச்சுன்னு அந்தக் கதை 3 வரியில சொல்லி முடிச்சிருந்துச்சு, ஏதோ ஒரு சாபம், அது எனக்கு மனசுல ஒட்டவே இல்ல. ஆனா அந்த மோதிரத்துல நான் முழுசா நம்பிட்டேன்.

இந்த வகைக் கதைக்குப் பேரு எம்ப்ரெக். மேல் ப்ரெக்னன்சி, அதாவது ஆண் கர்ப்பம்ங்கறதைச் சுருக்கி அப்படிச் சொல்றாங்க. முதல்முறை கேள்விப்படுற எல்லாரும் ரெண்டே கேள்விதான் கேக்குறாங்க, இதை யாரு படிப்பா, இதெல்லாம் எப்படி நடக்கும். ரெண்டுக்கும் நான் இத்தனை வருஷம் படிச்சதுல புரிஞ்ச வரைக்கும் பதில் சொல்லிப் பாக்குறேன், ஏன்னா ரெண்டு கேள்வியும் தனித்தனி மாதிரி இருந்தாலும் உள்ள போனா ஒரே இடத்துல போய் முட்டுது.

முதல்ல அடிப்படை. ஃபேன்ஃபிக்னா ஏற்கனவே இருக்குற ஒரு சீரியல், நாவல், அனிமே, கேம் எதுலயாவது வர்ற கேரக்டர்களை எடுத்து ரசிகர்கள் காசு வாங்காம எழுதுற கதை. அதுல ரெண்டு ஆம்பளைங்களுக்கு நடுவுல காதல் வர்ற மாதிரி எழுதுனா ஸ்லாஷ்னு சொல்வாங்க. ஸ்டார் ட்ரெக் சீரியலோட ரசிகர்கள் அதுல வர்ற கிர்க் பேருக்கும் ஸ்பாக் பேருக்கும் நடுவுல ஒரு சாய்கோடு போட்டு எழுதுனாங்க, அந்தக் கோடுதான் ஸ்லாஷ், பேரு அப்படியே நிலைச்சிருச்சு. அவங்க ரெண்டு பேரையும் வச்சு அச்சுல வந்த முதல் ஸ்லாஷ் கதைன்னு பொதுவா எல்லாரும் சொல்றது 1974ல ஒரு ரசிகர் பத்திரிகையில வந்தது, அதுல ரெண்டு பேரோட பேரையும் கூட வெளிப்படையா போடல. அப்போ இதெல்லாம் டைப் அடிச்சு, பிரதி எடுத்து, தபால்ல அனுப்பி, கன்வென்ஷன்ங்கற ரசிகர் கூட்டங்கள்ல கைமாத்தி படிச்சாங்க. எழுதினதும் படிச்சதும் பெரும்பாலும் பொம்பளைங்கதான், இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ரெண்டு பேர் காதலிக்கிறாங்க, சண்டை போடுறாங்க, சேந்து வாழ்றாங்க, அதுக்கப்புறம் என்னன்னு ஒரு ரசிகை யோசிக்கும்போது குழந்தைன்னு ஒரு எண்ணம் வர்றது இயல்புதானே. தத்தெடுக்கலாம், வாடகைத்தாய் வைக்கலாம், அப்படியும் ஏகப்பட்ட கதைங்க இருக்கு. ஆனா சில பேருக்கு அந்தக் குழந்தை அவங்க ரெண்டு பேர் உடம்புலேருந்தே வரணும். அங்க பிறக்குது எம்ப்ரெக். 2000களோட தொடக்கத்துல ஹாரி பாட்டர் ஃபேண்டம்ல, அதாவது ரசிகர் கூட்டத்துல, இது நல்லா பரவுச்சு, அங்க மந்திரம் தயாரா இருக்கு, ஒரு கஷாயத்தைக் குடிச்சா போதும். சயின்ஸ் ஃபிக்ஷன்னா வேற்றுகிரக உடம்பு, புராணக் கதைன்னா தெய்வத்தோட வரம், டான்மெய்னு சொல்ற, ஆம்பளைங்களுக்குள்ள காதல் வர்ற சீன நாவல்கள்லயும் ஆம்பளை பிள்ளை பெறுறதுக்குன்னே தனி வகை வச்சிருக்காங்க. இன்னிக்கு ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன், ஏஓ3ன்னு சொல்ற ஃபேன்ஃபிக் வெப்சைட், அங்க போய் எம்ப்ரெக்ங்கற டேகை, அதாவது கதை எந்த வகைன்னு ஒட்டுற அடையாளச் சீட்டைத் தட்டினா பல்லாயிரம் கதைங்க கொட்டும். அந்த ஏஓ3 2009 நவம்பர்ல பொதுமக்களுக்குத் திறந்தது, ரசிகர்களே நன்கொடை போட்டு நடத்துறது, 2019ல சயின்ஸ் ஃபிக்ஷனுக்குக் கொடுக்குற ஹியூகோ விருது கூட வாங்குச்சு.

இப்போ புதுசா வர்றவங்க முக்கால்வாசிப் பேர் எம்ப்ரெக்கைத் தனியா சந்திக்கிறதில்ல, ஒமேகாவெர்ஸ் வழியாத்தான் உள்ள வர்றாங்க. 2010 வாக்குல சூப்பர்நேச்சுரல் சீரியலோட ஃபேண்டம்ல உருவான ஒரு கற்பனை உலகம் அது. அதுல எல்லாருக்கும் ஆண் பெண் தவிர இன்னொரு அடுக்கு இருக்கும், ஆல்ஃபா, பீட்டா, ஒமேகா. ஒமேகாவா இருந்தா ஆம்பளையா இருந்தாலும் கருத்தரிக்கலாம். இது ஓநாய்க் கூட்டத்தைப் பாத்து எடுத்தது, 1947ல ருடால்ஃப் ஷெங்கல்ங்கறவர் கூண்டுல அடைச்சு வச்ச ஓநாய்களைப் பாத்து எழுதுனதுலேருந்து ஆல்ஃபா ஓநாய்ங்கற பேச்சு வளந்துச்சு, டேவிட் மெக் 1970ல எழுதுன புத்தகம் அதை உலகம் முழுக்கக் கொண்டு போச்சு, அப்புறம் அதே மெக் காட்டுல ஓநாய்ங்களை வருஷக்கணக்கா பாத்துட்டு 1999ல, அது அதிகாரச் சண்டைக் கூட்டம் இல்ல, பெரும்பாலும் அப்பா அம்மா பிள்ளைங்க இருக்குற ஒரு குடும்பம்தான், அந்த வார்த்தையே பொருந்தாதுன்னு எழுதிட்டார். அதாவது ஒமேகாவெர்ஸ் எந்த விஞ்ஞானத்து மேல நிக்குதோ அந்த விஞ்ஞானத்தை அதைப் பரப்பினவரே கைவிட்டுட்டார். அதனால ஒரு வாசகிகூட கதையை மூடி வச்சதா நான் பாக்கல. இது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயமா படுது.

ஏன்னா இந்த மாதிரி கதையில காரணம் எவ்ளோ கெட்டியா இருக்குங்கறது ரெண்டாம் பட்சம். நம்ம மகாபாரதத்துலயே இருக்குற யுவனாஸ்வன் கதையை எடுத்துக்கோங்க, எனக்குத் தெரிஞ்ச எம்ப்ரெக்ல ரொம்ப பழசு அதுதான். பிள்ளை இல்லாத ராஜா, ராணி குடிக்கிறதுக்காக ரிஷிங்க மந்திரிச்சு வச்ச தண்ணி ஒரு குடத்துல இருக்கு, ராத்திரி தாகம் தாங்காம ராஜாவே அதைக் குடிச்சிடுறான், கரு அவன் வயித்துல தங்கிடுது. கர்ப்பப்பை எப்படி வந்துச்சுன்னு அந்தக் கதை மூச்சு விடல. ஆனா எப்படி வெளிய வந்துச்சுன்னு சொல்லுது, இடப்பக்கம் விலாவைப் பிளந்துக்கிட்டு வந்துச்சு, ராஜா சாகாம பொழைச்சது ரிஷிங்க அருள். அடுத்து தேவர்களெல்லாம் ஒரு கேள்வி கேக்குறாங்க பாருங்க, பிள்ளை பொறந்தாச்சு சரி, இது எதைச் சப்பும்? இந்திரன் தன் விரலை அது வாயில வைக்கிறான், என்னைச் சப்பும்ங்கிறான், அதுலேருந்துதான் மாந்தாதான்னு பேரு. திருவாலங்காட்டுச் செப்பேட்டுல சோழர்கள் தங்க முன்னோர் வரிசையில இந்த மாந்தாதாவைச் சேத்து வச்சிருக்காங்க, அப்பா வயித்துல பொறந்தவர் நம்ம பாட்டன்னு சொல்லிக்கிறதுல அவங்களுக்குக் கூச்சமே இல்ல.

இதுல கவனிங்க, கதை சொன்னவர் எப்படி உள்ள போச்சுங்கறதை விட்டுட்டு, எப்படி வெளிய வரும், யாரு பால் கொடுப்பாங்கிறதுக்கு மட்டும் பதில் வச்சிருக்கார். இன்னிக்கும் எம்ப்ரெக் படிக்கிறவங்க கமெண்ட்ல கேக்குறது இதே ரெண்டுதான். உடம்பு என்ன விலை கொடுத்துச்சு, அப்புறம் யாரு பாத்துக்கிட்டாங்க. இதுக்கு நேர்மையா பதில் சொல்ற கதையை மனசு ஏத்துக்குது, சொல்லாததைத் தள்ளிடுது.

சரி, நெஜ உடம்புக்கு வருவோம். ஆண் உடம்புல இது நடக்க எவ்ளோ தூரம் வாய்ப்பிருக்கு? முதல்ல ஆச்சரியமான விஷயம், எல்லாக் கருவுக்கும் ஆரம்பத்துல ரெண்டு ஜோடிக் குழாயும் இருக்கும், ஆண் உறுப்புகளா ஆகக்கூடிய உல்ஃபியன் குழாய், கர்ப்பப்பையா ஆகக்கூடிய முல்லேரியன் குழாய். எட்டாவது வாரம் வாக்குல ஆண் கருவோட விதை ஏஎம்ஹெச்னு ஒரு ஹார்மோனை விடும், அது முல்லேரியன் குழாயைச் சுருக்கிக் கரைச்சிடும். கரைஞ்சது போக மிச்சம் ஒரு சின்னப் பை ப்ராஸ்டேட்டுக்குள்ள எல்லா ஆம்பளைக்கும் இருக்கு, பழைய உடற்கூறு புத்தகங்கள்ல அதை ஆண் கருப்பைன்னே சொல்லியிருக்காங்க. அந்த ஏஎம்ஹெச் சரியா வேலை செய்யாம போனா, மத்தபடி முழுசா ஆம்பளையா வளந்த ஆளுக்கு உள்ள கர்ப்பப்பையும் கருக்குழாயும் அப்படியே நின்னு போயிடும், அவருக்கே தெரியாது, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணப் போய் டாக்டர் பாத்துச் சொல்லித்தான் தெரிய வரும். இப்படி கேஸுங்க மருத்துவ இதழ்கள்ல நெறைய பதிவாகியிருக்கு. அவங்கள்ல யாரும் கருத்தரிக்கல, அதுக்கு வழியும் இல்ல, ஆனா கர்ப்பப்பை ஆம்பளை உடம்புக்கு அவ்ளோ தூரத்து உறவு இல்லங்கறதுக்கு இது சாட்சி.

அடுத்து மாற்று அறுவை. 2014 செப்டம்பர்ல ஸ்வீடன் கோத்தன்பர்க்ல, மாட்ஸ் பிரான்ஸ்ட்ரோம் டீம் பண்ணின கர்ப்பப்பை மாற்று அறுவைக்கு அப்புறம் முதல் குழந்தை பொறந்துச்சு, கர்ப்பப்பையைக் கொடுத்தவங்களுக்கு வயசு 61. இந்தியாவுல 2017 மே மாசம் புனேல பண்ணினாங்க, அம்மாவோட கர்ப்பப்பை மகளுக்கு, 2018 அக்டோபர்ல பெண் குழந்தை பொறந்துச்சு, அதாவது அந்த மக எந்தப் பையில இருந்து வந்தாளோ அதே பையில அவ பொண்ணும் இருந்து வந்தா, இதைப் படிச்ச அன்னிக்கு நான் வேற எதுவும் படிக்கல. இவங்க எல்லாருமே பிறவியிலயோ நோயிலயோ கர்ப்பப்பை இல்லாம போன, இல்லன்னா அது வேலை செய்யாம போன பொம்பளைங்க. ஆனா வைக்கிற கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டு போக டாக்டருங்க இணைக்கிற பெரிய ரத்தக்குழாய்ங்க தொடைக்கு மேல இடுப்புல ஓடுறது, அது ஆம்பளைக்கும் அதே இடத்துல இருக்கு. சூலகம் கட்டாயமும் இல்ல, தானமா வாங்குன முட்டையில கருவை வளத்து ஹார்மோன் மருந்து கொடுத்து வச்சா போதும், 10 வாரம் வாக்குல நஞ்சுக்கொடியே தேவையான ஹார்மோனைச் சுரக்க ஆரம்பிச்சிடும். சுகப்பிரசவத்துக்கு வழி இல்ல, இடுப்பெலும்பும் குறுகல், அதனால சிசேரியன், ஆனா பொம்பளைங்களுக்கும் மாற்று கர்ப்பப்பையில வளர்ற குழந்தைங்களை சிசேரியன்லதான் எடுக்குறாங்க.

இவ்ளோ கேட்டா கிட்டத்தட்ட ரெடின்னு தோணும். தோணக்கூடாது. கர்ப்பம்னா ஒரு பை மட்டும் இல்ல. நிறைமாசத்துல அந்தக் கர்ப்பப்பைக்கு ஒரு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் பாயணும், உடம்போட மொத்த ரத்த அளவே இன்னொரு பாதி அளவுக்குக் கிட்டத்தட்ட கூடும், வெறும் 60, 70 கிராம் இருக்குற உறுப்பு ஒரு கிலோ வரை வளரும், அதைத் தாங்குற தசைநார், இடம், எல்லாம் வேணும். அதுக்கு மேல வெளியாள் உறுப்பை உடம்பு எதிர்க்காம இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குற மருந்து. இந்த மருந்து இல்லாத காலத்துல என்ன ஆச்சுன்னா, டென்மார்க்கைச் சேந்த ஓவியர் லிலி எல்பே, திருநங்கை, ஜெர்மனில வரிசையா அறுவைகள் பண்ணிக்கிட்டாங்க, கடைசி அறுவையில கர்ப்பப்பை வைக்கிற முயற்சியும் இருந்துச்சுன்னு சொல்றாங்க, 1931ல அந்தச் சிக்கல்லயே இறந்துட்டாங்க. உறுப்பு மாற்றுக்கு உருப்படியான சைக்ளோஸ்போரின் புழக்கத்துக்கு வந்தது 1980கள்லதான். அவங்களுக்கு ஒரு குழந்தைக்குத் தாயாகணும்னு இருந்த ஆசை எனக்கு இன்னும் மனசைப் பிசையுது.

கர்ப்பப்பையே இல்லாம வயித்துக்குள்ள வளருமான்னு கேப்பாங்க. பொம்பளைங்களுக்கு ரொம்ப அபூர்வமா கரு கர்ப்பப்பைக்கு வெளிய, குடல் மேலயோ வயித்துச் சவ்வு மேலயோ ஒட்டி வளந்து, அறுவை பண்ணி உயிரோட எடுத்த குழந்தைங்க இருக்கு. அதை வச்சு ஆம்பளைக்கும் முடியும்னு பேசுறவங்க உண்டு. ஆனா நஞ்சுக்கொடி குடல்ல வேர் விட்டுச்சுன்னா அதைப் பிரிக்கப் போனா ரத்தம் நிக்காது, சில நேரம் டாக்டருங்க அதை உள்ளயே விட்டுட்டு மூடுறாங்க, தாயோட உயிர் ஊசலாடுற நிலைமை அது. 2021ல ஷாங்காய்ல ஒரு எலிப் பரிசோதனை நடந்துச்சு, விதை நீக்கின ஆண் எலியை ஒரு பெண் எலியோட உடம்போட உடம்பா தைச்சு, ரெண்டுக்கும் ஒரே ரத்தம் ஓடுற மாதிரி செஞ்சு, ஆண் எலிக்குக் கர்ப்பப்பை வச்சு, கருவை வச்சு, சிசேரியன்ல 10 குட்டி உயிரோட எடுத்தாங்க. பெண்ணோட ரத்தம் கூட ஓடலைன்னா அது நடந்திருக்காது. அந்த எலிங்க பட்ட பாட்டைப் பத்தி உலகம் முழுக்கக் கண்டனம் வந்துச்சு, எனக்கும் அதைப் படிக்கும்போது வயித்தைப் புரட்டுச்சு.

இதெல்லாம் இல்லாம, வலுக்கட்டாயம் இல்லாம, இயற்கையே இதைச் செஞ்சு வச்சிருக்கு. கடல்குதிரை. நம்ம மன்னார் வளைகுடாவுலயும் பாக் நீரிணையிலயும் கடல்புல் இருக்குற இடத்துல இருக்கு, ராமநாதபுரம் பக்கம் வலையில மாட்டி வரும், காயவச்சு மருந்துக்குன்னு வெளிநாட்டுக்கு ஏத்துமதியே நடந்துச்சு, 2001லேருந்து இந்தியாவுல அதைப் பிடிக்கிறதும் விக்கிறதும் குத்தம். பெண் கடல்குதிரை முட்டைங்களை ஆணோட வயித்துப் பைக்குள்ள போட்டுட்டுப் போயிடும், ஆண்தான் அங்க கருவாக்கி, பை உள்சுவர்ல ரத்தக்குழாய்ங்க நெருங்கி வளந்து, ஆக்சிஜன் கொடுத்து, உள்ள இருக்குற தண்ணியோட உப்பைக் கூட அளவு பாத்து, இனத்தைப் பொறுத்து பொதுவா ரெண்டுலேருந்து நாலு வாரம் சுமக்கும். பிரசவ வீடியோ ஒண்ணு தேடிப் பாருங்க. வாலால ஒரு புல்லைச் சுருட்டிப் பிடிச்சிக்கிட்டு, முன்னாடி குனிஞ்சு நிமிந்து, குனிஞ்சு நிமிந்து, அந்தப் பையோட வாய் விரிஞ்சு ஒவ்வொரு தடவையும் ஒரு கொத்துக் குஞ்சு பீய்ச்சி வெளிய வருது, கமா போட்ட மாதிரி நூத்துக்கணக்குல, நடுநடுவுல அது நின்னு மூச்சு வாங்குற மாதிரி இருக்கும். இவ்ளோ பண்ணியும் அது ஆண்தான், ஏன்னா முட்டை அதோடது இல்ல, விந்து அதோடது. பிள்ளை சுமக்குறதுதான் பொம்பளைன்னு நாம வச்சிருக்குற கணக்கை அந்த விரல் நீள மீன் எப்பவோ மாத்தி எழுதிருச்சு. எம்ப்ரெக் எழுதுறவங்க கடல்குதிரையை விடாம இழுக்குறதுக்குக் காரணம் இதுதான்.

இப்போ அந்த முதல் கேள்வி. யாரு படிப்பா, எதுக்குப் படிப்பா. எழுதுறதும் படிக்கிறதும் பெரும்பாலும் பொம்பளைங்கன்னு சொன்னேன்ல. பிள்ளை பெத்துக்கக்கூடிய உடம்பு இருக்குறவங்க எதுக்கு ஆம்பளை பிள்ளை பெறுறதைப் படிக்கணும்?

நான் என்னை வச்சே சொல்றேன். நம்ம ஊர்ல கல்யாணமாகி மூணாவது மாசம் ஆரம்பிக்கும், விசேஷம் உண்டா, ஏதாச்சும் நல்ல சேதி உண்டா. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்த யாரோ ஒரு அம்மா கூட கேக்கலாம். அதனால கர்ப்பம்னாலே ஒரு பொண்ணுக்கு அது கதை இல்ல, தேர்வு மாதிரி, பாஸா ஃபெயிலா. கர்ப்பமான பொண்ணைப் பத்தி எந்தக் கதையைப் படிச்சாலும் நான் என்னை அங்க வச்சு பயப்படாம படிக்க முடிஞ்சதே இல்ல. ஆம்பளை உடம்புல அதே கர்ப்பம் வரும்போது அந்த பயம் ஒரு அடி தள்ளி நிக்குது. மசக்கை, முதுகுவலி, முதல் அசைவு, பனிக்குடம் உடையுறது, எல்லாம் அதேதான், ஆனா அது இப்போ கடமை இல்ல. அவனுக்கு நடக்கணும்னு யாரும் எதிர்பாக்கல, அவன் பண்ணலைன்னா யாரும் குறை சொல்ல மாட்டாங்க, அப்படிப்பட்ட ஒருத்தனுக்கு நடக்கும்போதுதான் கர்ப்பம்ங்கறது எவ்ளோ விநோதமான, பெரிய, பயங்கரமான, அழகான விஷயம்னு கண்ணுக்குத் தெரியுது. பொம்பளைக்கு நடந்தா இயற்கைன்னு சொல்லிட்டு நகந்துடுறோம். ஆம்பளைக்கு நடந்தா ஊரே நின்னு கேக்குது, வலிக்குதா, பயமா இருக்கா, வேண்டாம்னா சொல்லிடு. எங்க அக்காவை யாரும் அப்படிக் கேக்கல.

அதுக்கு மேல, பாத்துக்கிறது. இந்தக் கதைங்க பூராவும் ஒருத்தர் இன்னொருத்தரைப் பாத்துக்கிறதுதான். சண்டைக்காரன், போலீஸ்காரன், ராஜா, யாருகிட்டயும் தலை குனியாதவன், இப்போ செருப்பு வார் போடக் குனிய முடியாம நிக்கிறான், கூட இருக்குறவன் ஒரு வார்த்தை பேசாம முட்டி போட்டு வாரை மாட்டிவிடுறான். உதவி கேக்கத் தெரியாதவன் உதவி வாங்கக் கத்துக்கிறான், பாசம் காட்டத் தெரியாதவன் ராத்திரி ரெண்டு மணிக்கு மாங்காய் தேடி அலையுறான். அந்த மென்மை ஆம்பளைங்ககிட்ட நெஜ வாழ்க்கையில அவ்ளோ சுலபமா கிடைக்காததுனால அதுக்கு ஒரு ஏக்கம் இருக்கு. மலைக்கோட்டை தாயுமானவர் மேல நம்ம சனங்களுக்கு ஏன் அவ்ளோ ஒட்டுதல், காவேரி வெள்ளத்துல அம்மா வர முடியாம போக, சிவன் அம்மா வேஷத்துல வந்து பிரசவம் பாத்தார்ங்கிற கதைதானே. தாயும் ஆனவர். அவர் பிள்ளை சுமக்கல, ஆனா ஏக்கம் ஒண்ணேதான்னு எனக்குத் தோணுது.

பயத்தை ரசிக்கிறவங்களும் இருக்காங்க, அதையும் சொல்லணும். உடம்பு தன் பேச்சைக் கேக்காம உள்ள இன்னொரு உயிர் வளருதுங்கறது திகில் கதைக்கு ஏத்த விஷயம், அப்படி எழுதுன எம்ப்ரெக் கதைங்க சிலது என்னைத் தூங்க விடல. சில பேருக்கு இது உடல் ஆசை சம்பந்தப்பட்டது, அதுக்கும் தனியா கதைங்க இருக்கு, டேக் போட்டிருப்பாங்க. ரெண்டும் என் வழி இல்ல, ஆனா தப்புன்னு சொல்ல எனக்கு எந்தக் காரணமும் தெரியல.

எனக்குக் கோவம் வர்ற இடம் வேற. ஒமேகாவெர்ஸ் கதைங்கள்ல நெறைய, கர்ப்பமாகுற ஆளை உடனே குள்ளமா, அழுமூஞ்சியா, வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்குறவனா ஆக்கிடுறாங்க, சுமக்குற வேலை வந்ததும் அவன் குணமே மாறிடுது. பேரு மட்டும் ஆம்பளை, மத்ததெல்லாம் பழைய படத்துல வர்ற மருமக. அப்படி எழுதுறதுக்கு இந்த வகையே தேவையில்லயே. மல்லுக்கட்டுறவன் வயித்தைத் தள்ளிக்கிட்டும் மல்லுக்கட்டுறவனாவே இருக்கணும், அதுலதான் சுவாரசியமே. இன்னொண்ணு, சம்மதம் இல்லாம கர்ப்பமாக்குறதை காதல்னு காட்டுற கதைங்க. டேக்ல எச்சரிக்கை போட்டிருந்தா வாசகர் பாத்து முடிவு பண்ணலாம், போடாம எழுதுறது துரோகம். நெஜ ஆளுங்களை வச்சு எழுதுறவங்க அதைக் கொண்டு போய் அந்த ஆளுங்களோட சோஷியல் மீடியா பக்கத்துலயே ஒட்டுறதும் எனக்குப் பிடிக்காது.

ரொம்ப முக்கியமானதை இங்கதான் சொல்லணும். பிள்ளை பெற்ற ஆம்பளைங்க கற்பனை இல்ல, நெஜத்துல இருக்காங்க. திருநம்பிகள். பொறக்கும்போது பெண்ணுன்னு எழுதப்பட்டு, ஆணா வாழ்றவங்க, கர்ப்பப்பையை எடுக்காம வச்சிருந்தா, ஹார்மோனை நிறுத்திட்டு கருத்தரிச்சுப் பெறுறாங்க. 2008ல அமெரிக்காவுல தாமஸ் பீட்டிங்கறவர் பெத்தப்போ உலகமே பேசுச்சு. 2023 பிப்ரவரில கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில ஒரு திருநம்பிக்கு சிசேரியன்ல குழந்தை பொறந்துச்சு, அவரோட துணை ஒரு திருநங்கை. நமக்குப் பக்கத்து ஊர். எம்ப்ரெக்ல மந்திரம், சாபம், ஓநாய்னு ஆயிரம் காரணம் தேடுறவங்க இவங்களை நினைச்சுக்கூடப் பாக்குறதில்லன்னு திருநம்பி வாசகர்கள் வருத்தப்படுறாங்க, அதுல முழு நியாயம் இருக்கு. இப்போ அவங்களே எழுதுறாங்க, அவங்க எழுதுற கர்ப்பக் கதையில ஸ்கேன் ரூம் வாசல்ல பேரைக் கூப்பிடும்போது எழுந்து நிக்குற அந்த அஞ்சு நொடி இருக்கு பாருங்க, சுத்தி உக்காந்திருக்குற பொம்பளைங்க எல்லாம் திரும்பிப் பாக்குறது, அதை மந்திரக் கதையால எழுத முடியாது.

படிக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன், டேகைப் படிக்காம கதைக்குள்ள போகாதீங்க. ஏஓ3ல மேலேயே எல்லாம் எழுதியிருக்கும், எம்ப்ரெக் இருக்கா, ஒமேகாவெர்ஸா, கரு கலையுற காட்சி உண்டா, சம்மதம் எப்படி, வயசு வரம்பு என்ன. உங்களுக்கு ஏற்கனவே பிடிச்ச ரெண்டு கேரக்டரைத் தேர்ந்தெடுங்க, ஏன்னா அவன் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சாதான் அவன் மாறுறது உறைக்கும். முதல் மூணு அத்தியாயத்துல யாராவது ஒருத்தர் பாத்ரூம் போக எழுந்திரிக்கிறாங்களான்னு பாருங்க. எழுதுனவங்களுக்கு உடம்பைப் பத்தி அக்கறை இருக்கான்னு அதுலயே தெரிஞ்சிடும்.

அக்காவுக்கு ஆபரேஷன்தான் ஆச்சு, ஆம்பளப் புள்ளை. அத்தானுக்கு லீவு கிடைக்கல, நாலாம் நாளே கிளம்பிட்டாரு, அம்மா பூண்டும் சுறாப்புட்டுமா பத்தியம் பண்ணிக்கிட்டு ஓயாம நின்னாங்க, ராத்திரி நான் அக்கா கூட படுத்துக்கிட்டேன். ரெண்டு மணிக்கு ஒரு தடவ, நாலு மணிக்கு ஒரு தடவ அவ பால் கொடுக்க எழுந்திரிப்பா, எனக்கும் தூக்கம் வராது, ஃபோனை நோண்டிக்கிட்டு இருப்பேன். அப்படி என்னடி படிக்கிறன்னு கேட்டா. அந்த வாள்காரன் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டா, பெத்தவனுக்கு யாருடி பத்தியம் பண்ணிப் போட்டா? தேவருங்க கேட்ட அதே கேள்வி. அவன் கூட இருக்குறவன்தான் கஞ்சி வச்சுக் கொடுக்குறான்னு சொன்னேன், நம்பல, படிச்சுக் காட்டுன்னா. இங்கிலீஷ்ல இருக்குறதை மெதுவா தமிழ்ல சொல்லிச் சொல்லிக் காட்டுனேன், தையல் இழுக்குது, அவனால எழுந்து உக்கார முடியல, குழந்தை தொட்டில்ல அழுது, மத்தவன் குழந்தையைத் தூக்கிட்டு வந்து அவன் நெஞ்சு மேல வச்சுட்டு, அவன் முதுகுக்குப் பின்னாடி தன் உடம்பையே தலகாணியா கொடுத்து உக்காந்துக்கிறான், விடியுற வரைக்கும் அசையல.

அக்கா பிள்ளையை மத்தப் பக்கம் மாத்திப் போட்டுக்கிட்டு, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவ படின்னா.